குளோஷர்களை ரஸ்ட் கம்பைலர் எப்படிச் சோதிக்கிறது: ஒரு மதிப்புரை

கம்பைலரை, அதாவது மூலநிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றும் கருவியை, மதிப்பிட முனைபவர்கள் பெரும்பாலும் அது ஓடும் வேகத்தையும், அது உருவாக்கித் தரும் நிரலின் வேகத்தையும் அளந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த மதிப்புரை ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கம்பைலர் செய்யும் ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நிரலர் ஒரு லாம்ப்டாவை, அதாவது சுற்றியுள்ள மாறிகளைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும் பெயரில்லாத ஃபங்ஷனான குளோஷரை எழுதும்போது, அந்த மாறிகள் குளோஷர் அழைக்கப்படும் நேரத்தில் நினைவகத்தில் இருக்குமா, அவற்றை அதே வேளையில் வேறொருவர் மாற்றிக்கொண்டிருப்பாரா என்ற இரு கேள்விகளுக்கும் நிரல் ஓடுவதற்கு முன்பே அது எவ்வளவு நம்பகமான விடை தருகிறது என்பதே இங்கு பார்க்கப்படுவது. ஒப்பிட்டுப் பார்க்கச் சி++, ஸ்விஃப்ட், கோ ஆகியவற்றின் கம்பைலர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அன்றாடம் புழங்கும் கருவிகளில் இந்த ஒரு வேலையை ரஸ்ட் அளவுக்குச் செய்யும் வேறொன்றை நான் பார்க்கவில்லை. ஆனால் அதன் பலம் பலரும் நினைப்பதுபோல் அதன் கெட்டிக்காரத்தனத்தில் இல்லை. ஒரு ஃபங்ஷனின் சிக்னேச்சரை, அதாவது அதன் உள்ளீடு, வெளியீடு வகைகளை அறிவிக்கும் தலைவரியைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்க மாட்டேன் என்ற அதன் பிடிவாதத்தில் இருக்கிறது. அதனிடம் எரிச்சலூட்டுபவற்றில் பெரும்பாலானவையும் அங்கிருந்தே வருகின்றன.

சிக்கல் பழையது. குளோஷர் என்ற பெயரை 1964-இல் பீட்டர் லாண்டின் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஃபங்ஷனின் உடலையும் அது எழுதப்பட்ட சூழலையும் சேர்த்துக் கட்டியது என்பது அதன் பொருள். ஒரு ஃபங்ஷனை இன்னொன்றுக்கு உள்ளீடாக அனுப்பும்வரை தொல்லை எதுவும் இல்லை, ஏனெனில் அனுப்பியவரின் உள்ளூர் மாறிகள் இருக்கும் ஸ்டாக் நினைவகப் பகுதி அந்த அழைப்பு முடியும்வரை கலையாமல் இருக்கும். அதையே திருப்பிக் கொடுத்தாலோ, ஒரு பட்டியலில் சேமித்து வைத்தாலோ, இணையாக ஓடும் வேறொரு த்ரெட்டிடம் ஒப்படைத்தாலோதான், வீடு இடிக்கப்பட்ட பிறகும் அதன் முகவரிச் சீட்டைக் கையில் வைத்திருப்பவரைப் போல, இல்லாத மாறியின் முகவரியோடு ஒரு குளோஷர் மிஞ்சுகிறது. பாஸ்கல் மொழி ஃபங்ஷன்களைக் கீழே அனுப்புவதை மட்டும் அனுமதித்து இதைத் தவிர்த்தது. ஜாவாஸ்கிரிப்ட், கோ போன்றவை பிடிக்கப்பட்ட மாறிகளை ஃபங்ஷன் முடிந்தும் நிலைக்கும் ஹீப் நினைவகத்துக்கு அனுப்பி, பயனற்றவற்றைத் தானே அகற்றும் குப்பை சேகரிப்பானிடம் மிச்சத்தை விட்டுவிடுகின்றன. சி++ 2011-இல் லாம்ப்டாவை ஏற்றபோது பொறுப்பை முழுவதும் நிரலரின் தலையில் வைத்தது. ரஸ்ட் எதையும் முன்கூட்டித் தடுப்பதும் இல்லை, குப்பை சேகரிப்பானை வைத்திருப்பதும் இல்லை. பாதுகாப்பானது என்று தன்னால் காட்ட முடிந்த நிரலை மட்டும் கம்பைல் செய்கிறது.

அதை எப்படிக் காட்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கருவியின் மற்ற குணங்கள் தாமாகவே விளங்கும். குளோஷருக்கென்று தனியான நினைவகக் கோட்பாடு எதுவும் ரஸ்டில் கிடையாது. ஒவ்வொரு குளோஷரும் பெயரில்லாத ஒரு ஸ்ட்ரக்டாக, அதாவது பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் வகையாக, மாற்றப்படுகிறது. பிடிக்கப்பட்ட ஒவ்வொன்றும் அதில் ஒரு புலம். குளோஷரின் உடலைப் படித்து, ஒவ்வொரு மாறியும் அங்கே எப்படிப் பயன்படுகிறது என்று பார்த்து, தேவைக்குக் குறைந்தபட்சமான பிடியை கம்பைலர் தானே தேர்ந்தெடுக்கிறது: படிக்க மட்டும் என்றால் பகிரக்கூடிய இரவல் (உரிமை வாங்காமல் தற்காலிகமாகத் தொடுவது), மாற்றவும் வேண்டும் என்றால் தனியுரிமை இரவல், மதிப்பையே தின்றுவிடுகிறது என்றால் உரிமை மாற்றம். இவற்றுக்கு நடுவே நிரலரால் மூலநிரலில் எழுதவே முடியாத நான்காவது வகை இரவல் ஒன்றும் உண்டு. தானே மாற்றக்கூடியதாக அறிவிக்கப்படாத ஒரு மாறி, மாற்றக்கூடிய ரெஃபரன்ஸ் (வேறொரு மதிப்பைச் சுட்டும் முகவரி) ஒன்றை வைத்திருக்க, குளோஷர் அந்த ரெஃபரன்ஸின் வழியே எழுதும்போது கம்பைலர் சத்தமில்லாமல் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. இதே உடலைப் பார்த்துத்தான், குளோஷரை எத்தனை முறை, எந்த நிலையில் அழைக்கலாம் என்பதைச் சொல்லும் எஃப்என், எஃப்என்மியூட், எஃப்என்ஒன்ஸ் என்ற மூன்று ட்ரெய்ட்களில், அதாவது ஒரு வகை நிறைவேற்ற வேண்டிய ஒப்பந்தங்களில், எவை பொருந்தும் என்றும் முடிவாகிறது.

இவ்வளவும் ஆன பிறகு மிஞ்சுவது வெறும் ஸ்ட்ரக்ட். அதற்குள் இருக்கும் ரெஃபரன்ஸ்களுக்கு ஆயுள் உண்டு. அந்த ஆயுளைச் சாதாரண ஸ்ட்ரக்டின் ஆயுளைப் போலவே இரவல்களைச் சரிபார்க்கும் கம்பைலர் பகுதியான பாரோ செக்கர் சோதித்துவிடும். குளோஷரின் உடல் தனியாகச் சோதிக்கப்படுகிறது. அங்கேயே தீர்க்க முடியாத ஆயுள் உறவுகள் நிபந்தனைகளாக வெளி ஃபங்ஷனிடம் ஒப்படைக்கப்பட்டு, அங்கே சரிபார்க்கப்படுகின்றன. இந்த அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. புதிதாக ஒரு விதியைச் சேர்க்காமல், இருக்கும் விதிகளுக்குள் குளோஷரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டதால், விதிகளுக்கு இடையே ஓட்டை விழ இடம் குறைகிறது.

முதல் சோதனை எளியது. ஓர் எண்ணை உள்ளீடாக வாங்கி, அந்த எண்ணைக் கூட்டித் தரும் குளோஷர் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷனை எழுதினேன். குளோஷர் அந்த எண்ணைப் படிக்க மட்டும் செய்வதால் கம்பைலர் பகிரக்கூடிய இரவலைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் எண் அந்த ஃபங்ஷனுக்கு உள்ளூர். உடனே ஈ0373 என்ற எண்ணுடைய பிழைச்செய்தி வருகிறது: இந்த குளோஷர் நடப்பு ஃபங்ஷனைவிட நீண்ட காலம் இருக்கக்கூடும், ஆனால் அந்த ஃபங்ஷனுக்கு உரிய மாறியை இரவல் வாங்கியிருக்கிறது என்பது அதன் சாரம். குளோஷர் தொடங்கும் இடத்தையும், உடலுக்குள் மாறி பயன்படும் இடத்தையும் தனித்தனியே அடிக்கோடிட்டுக் காட்டி, மூவ் என்ற சொல்லைச் சேர்த்தால் உரிமை குளோஷருக்கு மாறும் என்ற திருத்தத்தையும் சேர்த்தே தருகிறது. கம்பைலர் செய்திகளில் நல்லதற்கு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் அந்தத் திருத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. எண் போன்ற நகலெடுக்கக்கூடிய வகைகளில் மூவ் என்பது உண்மையில் நகல். குளோஷருக்குள் கூட்டப்படும் எண் வேறு, வெளியே இருக்கும் எண் வேறு. வெளியே உள்ள கணக்கும் கூடும் என்று நினைத்து எழுதியவருக்கு அது கடைசிவரை தொடங்கிய மதிப்பிலேயே நிற்கும். குளோஷருக்குள் எழுதப்படும் மதிப்பு பிறகு எங்கும் படிக்கப்படாவிட்டால், ரெஃபரன்ஸாகப் பிடிக்க நினைத்தீர்களா என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. அதே மதிப்பை குளோஷர் திருப்பிக் கொடுத்தாலோ எச்சரிக்கையும் இல்லை. நினைவகப் பாதுகாப்பு வேறு, நிரல் சரியாக இருப்பது வேறு; இந்தக் கருவி முதலாவதற்கு மட்டுமே பொறுப்பேற்கிறது.

இதே நிரலைச் சி++-இல் எழுதி, அடைப்புக்குள் & குறியை இட்டு (எல்லாவற்றையும் ரெஃபரன்ஸாகப் பிடிக்கச் சொல்லி) லாம்ப்டாவை நேரடியாகத் திருப்பினால், கிளாங் கம்பைலர் ஸ்டாக் முகவரி வெளியேறுகிறது என்று எச்சரிக்கிறது; எந்த மாறி எங்கே ரெஃபரன்ஸாகப் பிடிக்கப்பட்டது என்றும் குறிப்பிடுகிறது. அதுவரை நன்று. அதே லாம்ப்டாவை ஒரு பொருளுக்குள் இருக்கும் கால்பேக் (பிறகு அழைக்கப்படவிருக்கும் ஃபங்ஷன்) பட்டியலில் தள்ளிவிட்டால், வழக்கமான எச்சரிக்கைகள் எல்லாம் இயக்கத்தில் இருந்தாலும் பேச்சே இல்லை. பட்டியலில் சேர்க்கும் அந்த ஃபங்ஷன் தனக்குக் கிடைத்ததைச் சேமிக்குமா, அங்கேயே பயன்படுத்திவிட்டுக் கைவிடுமா என்பது அதன் சிக்னேச்சரில் எழுதப்படவில்லை. எழுதப்படாத ஒன்றைக் கம்பைலர் ஊகிக்கத்தான் முடியும். ரஸ்டில் சேமிக்கும் ஃபங்ஷன் தன் உள்ளீட்டின் ஆயுளைச் சிக்னேச்சரிலேயே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், சேமிக்க முயலும் அந்த ஃபங்ஷனே கம்பைல் ஆகாது. இரண்டு கருவிகளுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு இதுதான். பகுப்பாய்வின் ஆழத்தில் கிளாங் ஒன்றும் குறைந்ததல்ல.

சி++-இன் வழிகாட்டு நெறிகள் இதை அறிந்தே எழுதப்பட்டவை. அவ்விடத்திலேயே பயன்படும் லாம்ப்டாக்களில் ரெஃபரன்ஸ் பிடியை விரும்பலாம் என்று எஃப்.52 விதியும், வேறிடத்துக்குப் போகும் லாம்ப்டாக்களில் அதைத் தவிர்க்க வேண்டும் என்று எஃப்.53 விதியும் சொல்கின்றன. மதிப்பாகப் பிடித்தால் தப்பித்தோம் என்றும் நினைக்க முடியாது. ஒரு வகுப்பின் உறுப்பு ஃபங்ஷனுக்குள், மதிப்பாகப் பிடிக்கச் சொல்லும் = குறியை இட்டால், எல்லாம் நகலாகிவிட்டது என்ற தோற்றம் கிடைக்கிறது; உண்மையில் நகலானது பொருளின் முகவரியை வைத்திருக்கும் திஸ் என்ற பாயின்டர் மட்டுமே, பொருள் அல்ல. பொருள் அழிந்த பிறகு லாம்ப்டா ஓடினால் அது வெற்று நிலத்தைத் தொடுகிறது. பொருளையே நகலெடுக்கும் வழி சி++17-இல் வந்தது; = குறியால் திஸ் மறைமுகமாகப் பிடிக்கப்படுவது சி++20-இல் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. இந்த ஒரு பிழையை மட்டும் களைய ஒன்பதாண்டு பிடித்திருக்கிறது, அதுவும் தடையாக அல்ல, அறிவுரையாக.

இரண்டாவது சோதனையில் ஆயுள் சிக்கல் இல்லை, ஒரே நேரத்தில் இருவர் தொடுவதுதான் சிக்கல். வெக் என்ற, நீளக்கூடிய பட்டியல் ஒன்றின் முதல் உறுப்பை ரெஃபரன்ஸாகப் பிடித்த குளோஷர் ஒன்றை உருவாக்கி, பிறகு பட்டியலில் புதிய உறுப்பு ஒன்றைத் தள்ளி, அதற்குப் பின் குளோஷரை அழைத்தேன். பட்டியலில் இடம் போதாமல் போனால் உறுப்புகள் எல்லாம் புதிய இடத்துக்குப் பெயர்க்கப்பட்டு, பழைய இடம் விடுவிக்கப்படும். குளோஷரின் கையில் இருப்பது பழைய இடத்தின் முகவரி. ரஸ்ட் ஈ0502 பிழையை எழுப்பி, பகிரக்கூடிய இரவல் தொடங்கும் வரி, மாற்றும் இரவல் கேட்கப்படும் வரி, முதல் இரவல் பிறகு பயன்படும் வரி என்று மூன்றையும் காட்டுகிறது. மூன்றாவது வரியை, அதாவது குளோஷரை அழைக்கும் வரியை நீக்கியதும் நிரல் கம்பைல் ஆகிறது. இரவல் என்பது அடைப்புக்குறி மூடும்வரை நீடிப்பதல்ல, கடைசிப் பயன்பாட்டோடு முடிவது என்ற இந்த ஏற்பாடு 2018 பதிப்போடு, அதாவது 1.31 வெளியீட்டில் வந்தது. அதற்கு முன்பு இதே நிரல் காரணமின்றி மறுக்கப்பட்டிருக்கும்.

சி++-இல் இந்தப் பிழையை, நிரல் ஓடும்போது நினைவகத் தவறுகளைக் கண்காணிக்கும் அட்ரஸ் சானிட்டைசர் பிடிக்கும். பிடிப்பது நிச்சயம், ஆனால் அந்தப் பாதை சோதனையில் ஓடினால் மட்டுமே. பட்டியலில் இடம் மிச்சமிருந்து பெயர்ப்பு நிகழாத சோதனை உள்ளீட்டில் அதுவும் அமைதியாகவே இருக்கும். சானிட்டைசரை நான் குறைத்துப் பேசவில்லை. சி++ எழுதுபவர் அதில்லாமல் வேலை செய்யவே கூடாது. ஆனால் அது நடந்ததைச் சொல்வது. நடக்கவே முடியாது என்று சொல்வது வேறு தரத்து உறுதி.

ஸ்ட்ரக்டின் ஒரு புலத்தை மட்டும் பயன்படுத்தும் குளோஷர்கள் நீண்ட காலம் ரஸ்டின் பலவீனமாக இருந்தன. ஒரு பொருளின் பதிவேட்டுப் புலத்தை மட்டும் தொடும் குளோஷர், பொருள் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பக்கத்துப் புலத்தை வெளியே மாற்ற முயன்றால் பிழை. 2021 அக்டோபரில் 1.56 வெளியீட்டோடு வந்த 2021 பதிப்பு இதைத் தீர்த்தது: இப்போது குளோஷர் மாறியைப் பிடிப்பதில்லை, மாறியிலிருந்து புலம்வரை செல்லும் பாதையைப் பிடிக்கிறது. நெருக்கிப் பொதியப்பட்ட ஸ்ட்ரக்ட்களின் புலங்களுக்கு ரெஃபரன்ஸ் எடுப்பதே ஆபத்து என்பதால், அங்கே மட்டும் பாதையைச் சுருக்கி முழுப் பொருளையும் பிடிக்கும் அளவுக்கு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். விலையும் உண்டு. முன்பு முழுப் பொருளும் குளோஷரோடு போய் அதனோடு அழிந்தது. இப்போது ஒரு புலம் மட்டும் போய், மீதி வெளியே வேறு நேரத்தில் அழிகிறது. பூட்டு ஒன்றைத் திறப்பது போன்ற வேலையை அழிப்பு ஃபங்ஷனில் வைத்திருந்த நிரலுக்கு இந்த வரிசை மாற்றம் முக்கியம். பதிப்பு மாற்றும்போது அத்தகைய இடங்களைக் காட்டிக்கொடுக்கத் தனி எச்சரிக்கை உள்ளது. அது தேவையற்ற இடங்களிலும் நிரலைத் திருத்தச் சொல்லும் என்பதால், சொன்னதையெல்லாம் செய்யாமல் ஒவ்வொன்றையும் பார்த்து ஏற்பது நல்லது.

இந்தச் சலுகை புலங்களை நேரடியாகத் தொடும்போது மட்டும்தான். அதே பதிவேட்டை ஓர் உறுப்பு ஃபங்ஷன் மூலம் எட்டினால், அந்த ஃபங்ஷன் தன் சிக்னேச்சரில் முழுப் பொருளையும் கேட்பதால் முழுப் பொருளும் பிடிபடுகிறது. அதன் உடலைப் படித்தால் ஒரு புலத்தைத்தான் தொடுகிறது என்பது கம்பைலருக்குத் தெரிந்துவிடும், ஆனால் படிக்காது. நாளை அந்த உடலை மாற்றினால், அதை அழைக்கும் ஆயிரம் இடங்களில் ஏதோ ஒன்று உடைந்துபோகக் கூடாது என்பதே காரணம். நூலகம் எழுதுபவராக இதை நான் வரவேற்கிறேன். நூலகத்தைப் பயன்படுத்துபவராகச் சலித்துக்கொள்கிறேன்.

த்ரெட்களுக்கு வரும்போதுதான் இந்தப் பகுப்பாய்வின் முழு மதிப்பும் தெரிகிறது. புதிய த்ரெட்டைத் தொடங்கும் ஃபங்ஷன், தனக்குத் தரப்படும் குளோஷரிடம் இரண்டு நிபந்தனைகளைக் கேட்கிறது: அதற்குள் குறுகிய ஆயுள் கொண்ட இரவல் எதுவும் இருக்கக் கூடாது, அது செண்ட் என்ற ட்ரெய்ட்டை நிறைவேற்ற வேண்டும், அதாவது த்ரெட்களுக்கு இடையே நகர்த்தத்தக்கதாக இருக்க வேண்டும். குளோஷர் ஒரு ஸ்ட்ரக்ட்தான் என்பதால், அதன் எல்லாப் புலங்களும் நகர்த்தத்தக்கவை என்றால் அதுவும் நகர்த்தத்தக்கது. பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொட்டால் பிழையாகிவிடும் விதத்தில் தன்னைப் பகிர்பவர்களின் எண்ணிக்கையை வைத்திருக்கும் ஆர்சி பாயின்டர் ஒன்று உள்ளே இருந்தால் நிரல் மறுக்கப்படுகிறது. ஈ0277 பிழைச்செய்தி, குளோஷருக்குள் எந்தப் பிடி அதற்குக் காரணம் என்பதுவரை சங்கிலியாகக் காட்டுகிறது. கம்பைலருக்கு த்ரெட் என்றால் என்னவென்றே தெரியாது. நூலகம் எழுதியவர் சிக்னேச்சரில் இட்ட இரண்டு நிபந்தனைகளை மட்டுமே அது சரிபார்த்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1.0 வெளியீட்டுக்கு முன்பு, உள்ளூர் மாறிகளை இரவல் வாங்கும் த்ரெட்களையும் ரஸ்ட் அனுமதித்தது. த்ரெட்டைத் தொடங்கியதும் ஒரு காவல் பொருள் கிடைக்கும். அது அழியும்போது த்ரெட் முடியும்வரை காத்திருக்கும். ஆகவே த்ரெட் முடியாமல் உள்ளூர் மாறிகள் கலையாது என்று கருதப்பட்டது. ஆனால் ஆர்சி பாயின்டர்களால் ஒரு சுழற்சியை உருவாக்கிக் காவல் பொருளை அதற்குள் போட்டுவிட்டால், அதன் அழிப்பு ஃபங்ஷன் ஒருபோதும் ஓடாது. காத்திருத்தல் நிகழாமலேயே ஃபங்ஷன் முடியும். கலைந்த ஸ்டாக்கை அந்த த்ரெட் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கும். 2015 மே மாதத்தில் வரவிருந்த முதல் நிலையான வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் இது கண்டறியப்பட்டு, அந்த வசதி நீக்கப்பட்டது. அழிப்பு ஃபங்ஷன் ஓடியே தீரும் என்பதைப் பாதுகாப்புக்கான ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்ற கொள்கை அப்போதுதான் உறுதியானது.

அதே வசதி 1.63 வெளியீட்டில், 2022 ஆகஸ்டில், வேறு வடிவில் நிலையான நூலகத்துக்குத் திரும்பியது. இந்த முறை காவல் பொருள் நிரலரின் கைக்கு வருவதே இல்லை. த்ரெட்களைத் தொடங்கும் பகுதி முழுவதையும் ஒரு குளோஷராக எழுதி நூலகத்திடம் தர வேண்டும். நூலகம் அதை ஓட்டிவிட்டு, அதற்குள் தொடங்கிய எல்லா த்ரெட்களும் முடியும்வரை தன் சொந்த ஃபங்ஷனுக்குள் காத்திருந்த பிறகே திரும்புகிறது. தப்பிச் செல்ல எதுவும் இல்லாததால் தப்பவிடவும் முடியாது. த்ரெட்களுக்குத் தரப்படும் குளோஷர்களின் பாதுகாப்பை இன்னொரு குளோஷரின் எல்லையே காக்கிறது என்பதில் ஓர் அழகு இருக்கிறது. நான் எழுதும் நிரல்களில் த்ரெட்களுக்கு இடையே பகிரத்தக்க ஆர்க் பாயின்டர்களின் தேவை இந்த வசதியால் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இனிக் குறைகள். குளோஷர் ஒன்றை ஒரு மாறியில் வைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்துவதும், நேரடியாக உள்ளீடாகத் தருவதும் கம்பைலருக்கு ஒன்றல்ல. ஒரு ரெஃபரன்ஸை வாங்கி அதையே திருப்பிக் கொடுக்கும் குளோஷர், இதைவிட எளியது ஒன்று இருக்க முடியாது. அதை மாறியில் வைத்ததும் ஆயுள் போதாது என்று பிழை வருகிறது. ஃபங்ஷனாக எழுதினால் உள்ளீட்டின் ஆயுளும் வெளியீட்டின் ஆயுளும் ஒன்றே என்று தானே கொள்ளும் கம்பைலர், குளோஷரில் இரண்டையும் வெவ்வேறாக எடுத்துக்கொள்கிறது. குளோஷரின் ஆயுள்களை வெளிப்படையாக எழுதும் தொடரமைப்பு சோதனைப் பதிப்பில் மட்டுமே கிடைக்கிறது. நிலையான பதிப்பில் இருப்பவர்கள், வாங்கியதை அப்படியே திருப்பித் தரும் ஓர் உதவி ஃபங்ஷனை எழுதி, அதன் சிக்னேச்சரில் தேவையான நிபந்தனையை இட்டு, குளோஷரை அதன் வழியே அனுப்பி வேலையை முடிக்கிறார்கள். வேலை நடக்கிறது, ஆனால் ஏன் அப்படி ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்று படிப்பவருக்கு விளக்கக் குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது.

இதோடு சேர்ந்து வருவது, ட்ரெய்ட்டின் செயலாக்கம் போதுமான அளவு பொதுவானதல்ல என்ற வகைப் பிழைச்செய்தி. எந்த ஆயுள், எந்த இடத்தில், எதைவிடப் பொதுவாக இருக்க வேண்டும் என்பதை அது சொல்லும் விதம் வகைக் கோட்பாடு படித்தவருக்கே தலைவலி. ஈ0373 எழுதிய அதே குழு இதையும் எழுதியதா என்று கேட்கத் தோன்றும். இந்தப் பகுதியில் கருவிக்கு நான் தரும் மதிப்பெண் மிகக் குறைவு.

இன்னொரு செலவு சத்தமில்லாமல் ஏறுவது. ஒவ்வொரு குளோஷருக்கும் தனி வகை என்பதால், குளோஷரை உள்ளீடாக வாங்கும் பொதுமை ஃபங்ஷன் ஒவ்வொரு குளோஷருக்கும் ஒருமுறை புதிதாக உருவாக்கப்படுகிறது. ஓடும் வேகத்துக்கு இது நல்லது. அழைப்பே மறைந்து உடல் உள்ளே கரைந்துவிடும். கம்பைல் நேரத்துக்கும் வெளியீட்டுக் கோப்பின் அளவுக்கும் நல்லதல்ல. மதிப்பை ஹீப்பில் வைக்கும் பாக்ஸ் என்ற உறைக்குள் வைத்து ஒரே வகையாக்கிக்கொள்ளும் வழி இருக்கிறது, பெரிய திட்டங்களில் அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

பாதுகாப்பு என்ற வாக்குறுதியின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பொருள் தன்னையே ஆர்சி வழியாகப் பிடித்திருக்கும் குளோஷரை வைத்திருந்தால், அந்த நினைவகம் திரும்பவே திரும்பாது. அது கசிவு, பாதுகாப்பு மீறல் அல்ல என்பதால் கம்பைலர் வாய் திறப்பதில்லை. இரவல் விதிகளைச் சமாளிக்க, அந்தச் சோதனையை ஓடும் நேரத்துக்குத் தள்ளிவைக்கும் ரெஃப்செல்லை நாடினால், கம்பைல் நேரத்தில் வந்திருக்க வேண்டிய பிழை நிரல் ஓடும்போது பேனிக்காக, அதாவது ஓட்டத்தை நிறுத்தும் பிழையாக, வந்து நிற்கும். சி மொழி நூலகத்துக்குக் கால்பேக் தரும்போது, குளோஷரின் முகவரியை வகையற்ற பாயின்டராக மாற்றித் தர வேண்டியிருக்கிறது. அந்த இடத்திலிருந்து ஆயுள் கணக்கு அறுந்துபோகிறது, பொறுப்பு அன்சேஃப் என்ற விலக்குக் குறியை எழுதியவருடையது. கம்பைலரிலேயே ஓட்டைகள் இல்லாமலும் இல்லை: உள்ளடங்கிய ரெஃபரன்ஸ்களையும் ஃபங்ஷன் பாயின்டர்களையும் சேர்த்துப் பயன்படுத்தி எந்த ஆயுளையும் நீட்டிவிடும் ஒரு வழி 2015-இல் பதிவாகி, பல ஆண்டுகள் மூடப்படாமல் இருந்தது. தற்செயலாக அதில் விழுவது கடினம். வேண்டுமென்றே செய்து காட்டலாம்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்விஃப்ட் 2016-இல், மூன்றாம் பதிப்பில், உள்ளீடாக வரும் குளோஷர்கள் தப்பிச் செல்லாதவை, அதாவது அழைப்பு முடிந்த பின் மிஞ்சாதவை என்பதை இயல்பாக்கியது; தப்பிச் செல்வதை அனுமதிக்க வேண்டுமானால் சிக்னேச்சரில் குறிக்க வேண்டும். அழைத்தவரின் மாறியை நேரடியாக மாற்றும் உள்ளீட்டைத் தப்பிச் செல்லும் குளோஷர் பிடித்தால் அது பிழை. ரஸ்டின் ஆயுள் குறியீடுகளில் பெரும்பகுதியை ஒரே ஒரு சொல்லால் ஈடுகட்டியிருக்கிறார்கள், புதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. மீதியை, ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கணக்கு வைக்கும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை பார்த்துக்கொள்கிறது. ஸ்விஃப்ட், ஒரே மாறியை ஒரே நேரத்தில் இருவர் மாற்றுவதைத் தப்பாத குளோஷர்களில் கம்பைல் நேரத்திலும், தப்பிச் செல்பவற்றில் ஓடும் நேரத்திலும் தடுக்கிறது. 2019-இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் வெளியீட்டு நிரலிலும் அந்தச் சோதனை உண்டு. பொருள் தன்னையே குறிக்கும் செல்ஃப் வழியாக உருவாகும் சுழற்சிகளை மட்டும் அது கண்டுபிடிப்பதில்லை, செல்ஃப் என்று வெளிப்படையாக எழுதச் சொல்வதோடு சரி.

கோ கம்பைலரின் தப்பித்தல் பகுப்பாய்வு நோக்கத்திலேயே வேறுபட்டது. மாறி தப்பிக்கிறது என்றால் பிழை சொல்லாமல் அதை ஹீப்புக்கு நகர்த்திவிடும். எதை நகர்த்தியது என்பதை ஒரு கட்டளைக் கொடியால் பார்த்துக்கொள்ளலாம். பிடிக்கப்பட்ட பிறகு மாறாத, 128 பைட்டுக்கு மிகாத மாறிகளை நகலாகவே எடுத்துக்கொள்ளும் சிக்கனமும் உண்டு. சுழலின் மாறியை எல்லாக் குளோஷர்களும் பகிர்ந்துகொண்டு ஒரே மதிப்பைக் காட்டும் பழைய தொல்லை, 2024-இல் 1.22 வெளியீட்டோடு முடிவுக்கு வந்தது. இரண்டு கோரூட்டின்கள் (கோ மொழியின் இலகுவான த்ரெட்கள்) ஒரே மாறியைப் பிடித்து எழுதுவதைப் பற்றிக் கம்பைலர் எதுவும் சொல்லாது. அதற்கு ஓடும் நேரத்து ரேஸ் கண்டறிவானை இயக்க வேண்டும். ஜாவா 8, பிடிக்கப்படும் உள்ளூர் மாறிகள் மாறவே கூடாது என்று விதித்துக் கேள்வியையே தவிர்த்துவிட்டது.

ஒத்திசைவற்ற நிரல்களில், அதாவது காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலைக்கு வழிவிடும் நிரல்களில்தான் இந்தத் துறை இன்னும் கொதிநிலையில் இருக்கிறது. சி++-இல் கோரூட்டினாக (கோ மொழியில் உள்ளது அல்ல; இடையில் நின்று பிறகு தொடரும் ஃபங்ஷன்) இருக்கும் லாம்ப்டா, எதையும் பிடிக்கவே கூடாது என்று வழிகாட்டு நெறி சிபி.51 சொல்கிறது, ஏனெனில் மதிப்பாகப் பிடித்தவையும் லாம்ப்டா பொருளுக்குள்தான் இருக்கின்றன, கோரூட்டின் முதல் இடைநிறுத்தத்துக்குப் பிறகு தொடரும்போது அந்தப் பொருளே இல்லாமல் போயிருக்கலாம். ரஸ்டில் இதற்கு இணையான நிரலை எழுதினால், பிடிக்கப்பட்ட மாறி குளோஷரின் உடலைவிட்டு வெளியேற முடியாது என்ற பிழை நீண்ட காலமாக வந்துகொண்டிருந்தது. பாதுகாப்பானது, ஆனால் நியாயமான நிரல்களையும் சேர்த்துத் தடுத்தது. 2025 பிப்ரவரியில் 1.85 வெளியீட்டில் வந்த ஒத்திசைவற்ற குளோஷர்கள், தாம் பிடித்தவற்றிலிருந்து தம் ஃப்யூச்சருக்கு (பிறகு முடியவிருக்கும் வேலையைக் குறிக்கும் மதிப்புக்கு) இரவல் தர முடிகிறது என்பதால் அந்தத் தடையைப் பெருமளவு நீக்கியிருக்கின்றன. எனினும் அவை திருப்பும் ஃப்யூச்சர் த்ரெட்களுக்கு இடையே நகர்த்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சிக்னேச்சரில் எழுத நிலையான பதிப்பில் நேரான வழி வரவில்லை. ஆகவே பல த்ரெட்களில் வேலையைப் பகிர்ந்தளிக்கும் நூலகங்கள், ஃப்யூச்சரை பாக்ஸுக்குள் இட்டுத் திருப்பும் சாதாரண குளோஷரையே இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அத்தகைய நூலகத்தோடு வேலை செய்பவர்கள் இப்போதைக்குப் பழைய வடிவத்திலேயே எழுதுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.